நாலு மொழி பேசிய அறை

போன கிழமை எங்கள் கொழும்பு அலுவலகத்துக்குப் புதிய கம்பியூட்டர்த் திரை ஒன்று வந்தது. மழையில் நனைந்து, அட்டைப்பெட்டி ஊறி, அடிப்பக்கம் பிய்ந்து தொங்கிய நிலையில் அதை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்து எங்களுடன் வேலை செய்யும் ஒரு பிள்ளை வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறி விளக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பெட்டி ஒரு நிரல்மொழி, அந்தப் பெட்டி இன்னொரு நிரல்மொழி, ஒவ்வொன்றும் யோசிக்கிற விதமே வேறு, ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பு. "நாலு மொழியில எழுதியிருக்கிறம் மிஸ், ஒண்டா ஓடுது" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் மூக்கு எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டது. ஈர அட்டையின் மணம். அது எனக்கு எப்போதும் மட்டக்களப்பு மணம்.

மட்டக்களப்பு என்றால் மீன் அல்லவா மணக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மணக்கும்தான். ஆனால் சுனாமியாகக் கடல் வந்துபோன மறுமாதம், அந்த ஜனவரியில் எங்கள் ஊர் முழுக்க மணத்தது ஈர அட்டைதான். பால்மா, உடுக்கச் சாரம், பிஸ்கற், எந்த நாட்டுப் புண்ணியவானோ அனுப்பிவைத்த கம்பளிச் சட்டை என்று நிவாரணப் பெட்டிகள் வந்து குவிந்தன. மார்கழி மழை தை மாதத்திலும் விடவில்லை. புளியந்தீவில், வாவியைப் பார்த்தபடி நின்ற ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில், அந்தப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று கம்பியூட்டர்கள் இருந்தன. அங்கேதான் எனக்கு முதல் வேலை. காணாமல்போனவர்களைத் தேடும் வேலை.

எனக்கு வயது இருபத்திரண்டு. கையில் ஒரு டிப்ளோமா. விஷுவல் பேசிக் என்ற மொழியில் திரையில் பொத்தான் வைக்கத் தெரியும். பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து வணக்கம் சொல்லும். இந்த வித்தையை வைத்துக்கொண்டு கடல் பிரித்த குடும்பங்களைச் சேர்க்கப் புறப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு யாருக்கு என்ன தெரியும் என்று யார் பார்த்தார்கள்? கை இருந்தவர்கள் எல்லாம் போனோம்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நஸீர் காத்தான்குடி. என்னோடு ஒரே கோர்ஸ் படித்தவன், ஆனால் நான் பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து தானே தோண்டித் தோண்டிப் படித்து பேர்ள் என்ற மொழியில் புலியாகியிருந்தான். எந்தக் கந்தறுந்த பட்டியலைக் கொடுத்தாலும் அந்த மொழி அதை உதறி, சுருக்கம் எடுத்து, மடித்து வைத்துவிடும். மற்றவர் சுகந்தி அக்கா. கம்பஸில் படித்துவிட்டு அங்கேயே சில காலம் படிப்பித்தவர். நறுக்கென்று பேசுவார். அவருக்குத் தெரிந்திருந்த மொழியின் பெயர் ப்ரோலொக். அதைப் பற்றி நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நாலாவதாக ஒருவர் இருந்தார், ஆனால் அறையில் இல்லை. கடல் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் பொக்ஸ்ப்ரோ என்ற பழைய மொழியில் கரையோர வீடுகளின் பட்டியல் ஒன்றைச் செய்து வைத்துவிட்டு மாற்றலாகிப் போயிருந்தார். அதன் பிரதி ஒன்று மேல்மாடி அலுமாரியில் இருந்ததால் தண்ணீர் தொடவில்லை. எந்தக் காணி வளவில் எந்த வீடு, யார் குடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்த வீடுகளில் பாதி இப்போது கடற்கரையில் இல்லை. அவருடைய பட்டியலில் மட்டும் நிமிர்ந்து நின்றன.

வேலை இதுதான். ஊரில் இருந்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாமாகிவிட்டன. முகாமுக்கு முகாம் ஒரு பட்டியல். ஒரு பட்டியலில் தாய், இன்னொரு பட்டியலில் பிள்ளை, இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று கண்டதில்லை. முகாம்களுக்கென்று நான் ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், வயது, ஊர், தாயின் பெயர், தந்தையின் பெயர். நிரப்பி வரும் தாள்களை என் பொத்தான் திரையில் அடித்து ஏற்றுவேன். நஸீரின் பேர்ள் அதையும் பொக்ஸ்ப்ரோ பட்டியலையும் வாங்கி, ஒரே மாதிரியான வரிகளாக்கும். அந்த வரிகளைச் சுகந்தி அக்காவின் ப்ரோலொக் வாசிக்கும். மூன்று கம்பியூட்டருக்கும் இடையில் கம்பி இல்லை. பிளொப்பி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடந்தவள் நான்தான். எங்கள் வலைப்பின்னல் என்பது செருப்புப் போட்ட என் இரண்டு கால்கள்.

சிரிக்காதீர்கள், எனக்கு அது உண்மையாகவே பிரமிப்பாக இருந்தது. நான்கு மொழிக்கும் நான்கு குணம். பொக்ஸ்ப்ரோ முதலாவது வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரை வரிசை தப்பாமல் போகும். என் விஷுவல் பேசிக் ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். பேர்ள் எதையும் பிரித்து மேயும். ப்ரோலொக்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. மற்ற மொழிகளுக்கு இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சொல்ல வேண்டும். இதற்கு அப்படி ஒன்றும் சொல்வதில்லை. எது உண்மை என்று மட்டும் எழுத வேண்டும். இன்னார் இன்னாருக்குத் தாய். இவ்வளவுதான். பிறகு கேள்வி கேட்க வேண்டும். பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அதன் பாடு.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். முதல்நாள் நான் ஒரு கேள்வியை அடித்து, புள்ளியை மறந்துவிட்டு, மெஷின் யோசிக்கிறது என்று நினைத்து அரை மணித்தியாலம் மரியாதையாகக் காத்திருந்தேன். சுகந்தி அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"நீ இன்னும் சொல்லி முடிக்கல்ல எண்டு அது பாத்துக் கொண்டிருக்கு புள்ள."

பரீட்சைக்குச் சுகந்தி அக்கா தன் குடும்பத்தையே கொடுத்தார். யாருக்கு யார் தாய் என்று இருபது வரி. தாயின் தாய் யார் என்பதற்கு ஒரு விதி, சகோதரி யார் என்பதற்கு ஒரு விதி. பிறகு ஒரு பெயரை அடித்து இவரின் தாய்க்குச் சகோதரிகள் யார் என்று கேட்டார். சகோதரிகள் என்று நாங்கள் எங்கும் எழுதாத மூன்று பெண்களின் பெயரை அது வரிசையாகச் சொன்னது. மூன்றும் சரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நஸீர் வாய்க்குள் "சுபஹானல்லாஹ்" என்றான். "நாம சொல்லாததையும் சொல்லுது" என்றான் மறுபடி, தனக்குத்தானே.

யோகம் அக்கா அந்தக் கிழமைதான் வரத் தொடங்கினார். கல்லடி. முப்பது வயது இருக்கும். இடது காலில் முழங்கால்வரை மாக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். கடல் அடித்தபோது மயங்கி, யாரோ தூக்கிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண் விழித்தபோது தாய் இல்லை, தங்கை சாந்தி இல்லை, தங்கையின் புருஷன் இல்லை. மூவரின் உடல்களும் கிடைத்துவிட்டன. யோகம் அக்காவின் கணவர் கட்டாரில் வேலை. கிடைக்காதது ஒரே மகள் தர்ஷினி. ஐந்து வயது. உயிரோடு ஒரு ட்ரக்டரில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் போன ட்ரக்டர் என்று அவருக்குத் தெரியவில்லை.

காலை பத்து மணிக்கு ஊன்றுகோல் சத்தம் படியில் கேட்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு இடைவெளி.

"அக்கா, இந்தக் காலோட ஏன் ஏறுறீங்க. கிடைச்சா நாங்க வந்து சொல்லுறம்தானே."

"நீங்க மறந்திடுவீங்க புள்ள. ஆயிரம் பேர்ட பேரு உங்களிட்ட."

வந்து பால்மாப் பெட்டிகள்மேல் உட்காருவார். நாங்கள் கேள்வியைக் கொடுப்போம். யோகம் யாருக்குத் தாய்? முகாமில் இருக்கும் பிள்ளைகளில் யாருக்கு? திரையில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து வரும். நோ. அந்த அளவு ஆங்கிலம் யாருக்கும் தெரியும். முதல்நாள் அதைப் பார்த்து அவர் முகம் போன போக்கைக் கண்டு சுகந்தி அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி யார் பக்கத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இல்லை எண்டு சொல்லல்ல அக்கா. தனக்குத் தெரியாது எண்டு சொல்லுது. அதுக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

நாலு நாள் அது தெரியாது என்றே சொன்னது. தர்ஷினி என்ற பெயரில் எந்த முகாமிலும் பிள்ளை இல்லை. யோகம் என்ற தாய் இல்லை. தந்தையின் பெயரிலும் யாரும் இல்லை. அந்தப் புதன்கிழமை இன்னொரு செய்தி வந்தது. தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டதாகப் பதியப்பட்ட பிள்ளைகளை, உறவினர் யாரும் வராவிட்டால், வெள்ளிக்கிழமை வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு விடுதிக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். நல்ல மனத்தோடு செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போய்விட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது?

வியாழன் காலை சுகந்தி அக்கா கேள்வி கேட்பதை விட்டுவிட்டு யோகம் அக்காவோடு சும்மா கதைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட வீடு ஆரு தந்த?"

"அம்மாதான். எனக்கொண்ணு, தங்கச்சிக்கொண்ணு. ஒரே வளவு. வேலிகூட இல்ல."

எங்கள் பகுதியில் இதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. வீடு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளைதான் வீடு மாறி வருவார். அதனால் அக்காவும் தங்கையும் சாகும்வரை பக்கத்துப் பக்கத்து வாசலில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு அடுப்பிலும் சோறு. குடிப்பெயர், அதாவது வமிசப்பெயர், என்று கேட்டாலும் தாயின் குடிதான் பிள்ளைக்கு.

"எங்கடயிலயும் அப்பிடித்தான்" என்றான் நஸீர். "உம்மாட குடிதான். உம்மாதான் மகளுக்கு ஊடு குடுக்கிற."

சுகந்தி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொக்ஸ்ப்ரோ பட்டியல்ல வீடு குடுத்த ஆள்ட பேர் இரிக்கா?"

இருந்தது. பெயர் தெரியாத அந்த மனிதர் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே 'வீடு கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். பட்டியலை நஸீரிடம் கொடுக்கும்போது அதை வெட்டி எறிந்தவள் நான்.

"இருந்தது. நான் வெட்டிட்டன்."

"ஏன்?"

"ஆளைத் தேடுறதுக்கு வீடு தந்த ஆள் என்னத்துக்கெண்டு..."

"நீ மட்டக்களப்புப் புள்ளதானே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

பழைய பிரதியிலிருந்து அந்தக் கட்டத்தை மீண்டும் எடுத்தேன். நஸீர் பேர்ளில் மூன்று வரி மாற்றினான். சுகந்தி அக்கா இரண்டு விதி சேர்த்தார். ஒரே ஆள் வீடு கொடுத்த இரண்டு பெண்கள் சகோதரிகள். சகோதரியின் பிள்ளை தன் பிள்ளை. இரண்டு வாக்கியம், இரண்டு முற்றுப்புள்ளி. நான் பிளொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடக்கூடாதே என்று எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

யோகம் அக்கா எழுந்து ஊன்றுகோலோடு வந்து எங்கள் பின்னால் நின்றார். சுகந்தி அக்கா அதே கேள்வியை அடித்தார். யோகம் யாருக்குத் தாய்?

ஒரு பெயர் வந்தது. ராணி.

நான் ஓடிப்போய் என் திரையில் அந்தத் தாளைத் தேடி எடுத்துச் சத்தமாக வாசித்தேன். தேற்றாத்தீவு முகாம். ராணி, வயது ஐந்து, ஊர் கல்லடி. தாய் சாந்தி, தந்தை சாந்தியின் புருஷன். தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள். வாசித்து முடித்ததும் எனக்கு மனம் விழுந்துவிட்டது. இது தங்கையின் பிள்ளை. நாங்கள்தானே அதற்குச் சகோதரியின் பிள்ளையும் தன் பிள்ளை என்று சொல்லிக் கொடுத்தோம். இறந்த தங்கைக்கு ஒரு பிள்ளை மிஞ்சியிருக்கிறது என்பதை இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சந்தோஷப்படச் சொல்வதா என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"சாந்திக்குப் புள்ள இல்ல" என்றார் யோகம் அக்கா.

சுகந்தி அக்கா நாற்காலியைத் திருப்பினார்.

"ஏழு வருசம் கோயில் குளமெண்டு திரிஞ்சாள். இல்ல. எண்ட புள்ளையத்தான் வளத்தாள். அவளுக்கிட்டதான் சோறு, அவளுக்கிட்டதான் படுக்கை." திரையில் இருந்த பெயரை விரலால் தொட்டார். "அவள் ஒருத்திதான் ராணி எண்டு கூப்பிடுற."

எனக்கு அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் நான்கு மொழிகள். ஒன்றில் எழுதியது மற்றதற்குப் புரியாது. ஒன்றை எழுதியவர் எங்கே என்றே தெரியாது. ஒரு காத்தான்குடிக்காரனும், ஒரு வாத்தியாரம்மாவும், அரைகுறையான நானும், முகம் தெரியாத ஒரு மனிதரும் தனித்தனியே எழுதியவை சேர்ந்து, நாங்கள் யாரும் அறியாத ஒன்றைச் சொல்லிவிட்டன. கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அமைப்புகளில் வேலை செய்துவிட்டேன். அந்த நடுக்கம் திரும்ப வரவில்லை.

நஸீர் ஓட்டோ பிடித்தான். கல்லடிப் பாலம், காத்தான்குடி, செட்டிபாளையம் என்று உடைந்த றோட்டில் குலுங்கிக்கொண்டு போனோம். தேற்றாத்தீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து, முதலில் மாக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் தாயின் முகத்தைப் பார்த்தது. யோகம் அக்கா ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை. நானும் அழுதேன், நஸீர் ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கொஞ்சம் அடங்கிய பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "ஏன்மா, இவட பேர நீ சொல்லல்ல?"

என்னை விளங்காதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஒரு அம்மாட பேர்தானே கேட்டாங்க. சாந்தி அம்மா செத்துப்போயித்தா. அதச் சொன்னன். மத்த அம்மாட பேர ஆரும் கேக்கல்ல."

முகாம் ஆசிரியையின் கையில் படிவம் இருந்தது. தாயின் பெயர் என்று எழுதி, நேரே ஒரே ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோட்டைப் போட்டவள் நான். எனக்கும் அம்மாவின் தங்கை ஒருவர் இருந்தார், அவர் வீட்டு அடுப்படியில்தான் நானும் வளர்ந்தேன். அப்படியிருந்தும் படிவம் என்று வந்ததும் ஒரு தாய்தான் என் கைக்கு வந்திருக்கிறது.

மறுநாளே படிவத்தை மாற்றினேன். உன்னை வளர்த்தவர்கள் யார் யார் என்று கேட்டு நாலு கோடு விட்டேன். இன்னும் சில பிள்ளைகள் அதனால் கிடைத்தார்கள். பிறகு சண்டை மூண்டு வாகரைப் பக்கத்துச் சனம் நடந்து வந்தபோதும் அதே நாலு மொழியோடு உட்கார்ந்தோம். அப்போது வந்தவர்கள் தேடியது கடல் கொண்டுபோன ஆட்களை அல்ல, சண்டை கொண்டுபோன ஆட்களை. அந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் தெரியாது என்றுதான் பதில் வந்தது. சண்டை முடிந்த வருடம் அலுவலகத்தை மூடினார்கள். கம்பியூட்டர்கள் எங்கே போயின என்று தெரியாது. அந்த மேல்மாடியில் இப்போது கல்யாணப் புடவைக் கடை. நஸீர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டான். சுகந்தி அக்கா கனடாவில், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற படம் அனுப்புவார்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து யோகம் அக்காவைப் பார்க்கப் போனேன். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, கதவில் இலக்கம். குடும்ப அட்டை ஒன்றுக்கு வீடு ஒன்று. வீட்டு உறுதிப்பத்திரம், கட்டாரிலிருந்து திரும்பி வந்த கணவரின் பெயரில். பக்கத்து வீட்டில் வேறு ஊர்க்காரர். இடையில் மதில். தர்ஷினி பள்ளிக்கூடத்தால் வந்து பையை வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நல்ல உயரம். சுவரில் மாலை போட்ட படத்தில் சாந்தி சிரித்துக்கொண்டிருந்தார். இது யார் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"அது சின்னம்மா. கடலடிச்ச நேரம் செத்தவ" என்றாள் தர்ஷினி. "நான் சின்னனில அவவோடதான் இருந்தனானாம். அம்மா சொல்லுவா."

யோகம் அக்கா என்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். எங்கள் பழைய பைல்களின் பிரதி ஒன்று, பிளொப்பியில், இன்னமும் என்னிடம் இருக்கிறது. சாந்தி அந்தப் பிள்ளைக்குத் தாய் என்று எழுதியிருப்பது உலகத்தில் அது ஒன்றில்தான். அதைத் திறக்கக்கூடிய கம்பியூட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டேயிருக்கிறேன், இதுவரை கிடைக்கவில்லை.